தடைக்காலத்து ஐஸ் கம்பெனி

தூத்துக்குடியில் ஒரு நாள்கூடக் கால் வைக்காமலே ஹம்ஸினி தூத்துக்குடியின் வணிகச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய அலுவலகம் ஹைதராபாத்தின் அமீர்பேட்டில், ஒரு கோச்சிங் சென்டருக்கு மேலே, நான்காவது மாடியில் இருந்தது. ஏழு கடற்கரை ஊர்களுக்கு ஏழு இணையப் பக்கங்கள் அங்கே தயாராகி, தினமும் காலை ஆறு மணிக்கு வெளியாகும். பக்கத்தின் தலையில் ஒரு கலங்கரை விளக்கப் படம் இருக்கும். அதற்குக் கீழே 'உங்கள் ஊரிலிருந்து, உங்களுக்காக' என்று எழுதியிருக்கும். ஆனால் அலுவலக ஜன்னலைத் திறந்தால் தெரிவது மெட்ரோ பாலமும், எதிர்க் கட்டடத்து ஹாஸ்டலில் காயும் துணிகளும்தான்.

தூத்துக்குடிப் பக்கம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஹம்ஸினிக்கும் வேலை மூன்று வாரம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். அவள் பிறந்து வளர்ந்தது அதே ஊரின் இன்னொரு கோடியில், போலாரத்தில். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழ் எழுதப் படிக்க அம்மா புஷ்பா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுத்தில் பிழை வராது. பேச்சில்தான் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'வும், 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'வும் எங்கிருந்தோ வந்து விழுந்துவிடும்.

அதனால் தூத்துக்குடிக்கு போன் செய்வதென்றால் அவளுக்குத் தயக்கம். ஒவ்வொரு போனுக்கும் முன்னால் கேள்விகளை நோட்டில் எழுதி, எண் போட்டு, பதில் வர வர டிக் அடிப்பாள். எந்தக் கேள்வியையும் 'ஆமாம்', 'இல்லை' என்பதில் பதில் முடிந்துவிடும்படிதான் எழுதுவாள். 'ஏன்' என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் ஊர் தெரியாதவள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிற ஒரு போட்டோக்காரரிடமிருந்து படம் ஒன்று வந்தது. மூடிய இரும்புக் கேட், அதன் முன்னால் குவியலாகத் துருப்பிடித்த தகர டப்பாக்கள். 'ஐஸ் பிளான்ட், உற்பத்தி நிறுத்தம்' என்பதோடு சரி, வேறு விவரம் இல்லை.

ஹம்ஸினி முறைப்படியே எல்லாம் செய்தாள். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய மூன்று ஐஸ் ஆலைகளின் எண்களைத் தேடி எடுத்தாள். மூன்று பேரிடமும் அதே மூன்று கேள்விகள்.

"உற்பத்தி நிறுத்திட்டீங்களா சார்?"

"நிறுத்தியாச்சு."

"ஆளுங்க வேலைக்கு வர்றாங்களா?"

"ஐஸ் போடுத ஆளுவள அனுப்பியாச்சு."

"இப்போதைக்குத் திறக்கிற மாதிரி இல்லையா சார்?"

"இப்ப எப்படித் திறக்க?"

மூன்று ஆலைகள், மூன்று கேள்விகள், ஒன்பது டிக். ஒரே ஆளை நம்பி எழுதவில்லை என்ற திருப்தி அவளுக்கு. படம் பக்கத்தில் அடங்கவில்லை. வலது ஓரத்தை வெட்டிச் சரிசெய்தாள். வெட்டிய பிறகு கேட் இன்னும் வெறிச்சோடித் தெரிந்தது, செய்திக்குப் பொருத்தமாக. செவ்வாய் காலை ஆறு மணிக்கு அது வெளியானது: 'தூத்துக்குடியில் மூன்று ஐஸ் ஆலைகள் மூடல். தொழிலாளர்கள் வெளியேற்றம்.'

பத்தரை மணிக்கு போன் வந்தது.

"யாரும்மா ஐஸ் பிளான்ட் செய்தி போட்டது?"

"நான்தான் சார், சொல்லுங்க."

"இருதயராஜ் பேசுதேன். போட்டோவுல இருக்கது எங்க கேட்டுதான். நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு. எங்கப்பா செத்தப்பகூட இத்தனை பேரு வந்து துட்டி கேக்கல. காலையில இருந்து போனு மேல போனு. 'ஏ இருதயம், கம்பெனிய மூடிட்டியாமே, பிள்ளைவ படிப்புக்கு என்ன செய்யப் போற'ன்னு கேக்கான்."

ஹம்ஸினி நோட்டைப் பிரித்தாள். "சார், நேத்து நானே உங்களுக்கு போன் பண்ணிக் கேட்டேன். உற்பத்தி நிறுத்தியாச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. மூணே கால் மணிக்கு."

"நிறுத்தாம? தடைக்காலம்லா!"

"தடையா? யாரு சார் தடை போட்டது?"

மறுமுனையில் எங்கோ இரும்பைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"யம்மா," என்றார் இருதயராஜ், குரலில் கோபம் போய் ஆச்சரியம் வந்திருந்தது. "ஏப்ரல் பதினஞ்சுல இருந்து அறுபத்தோரு நாளு லாஞ்சு, அதான் விசைப்படகு, எதுவும் கடலுக்குப் போகாது. மீனு முட்டை போடுத சமயம். வருசா வருசம் சர்க்கார் உத்தரவு. லாஞ்சு போகலன்னா ஐஸை நான் யார் தலையில வைக்க? அதான் மெசினை நிறுத்திட்டு மராமத்து பாக்கோம். இங்க சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க எந்த ஊரு?"

அந்தக் கேள்விக்கு ஹம்ஸினி பதில் சொல்லவில்லை. "மன்னிச்சிருங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

"மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய? புதுசா ஃபிளேக் ஐஸ் மெசின் போடுதேன், இந்தத் தடைக்காலத்துலயே. பூ மாதிரி விழும் அந்த ஐஸு. இறாலுக்கு அதுதான் வேணும்னு ஏற்றுமதிக்காரங்க கேக்காவ. கொச்சியில இருந்து ஒரு கம்பெனி வெள்ளிக்கிழமை வந்து பாத்து, ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம் போடுததா இருந்தது. காலையில அந்த மேனேஜர் உங்க செய்திய எனக்கே அனுப்பி, 'மூடுன கம்பெனிக்கு நாங்க எதுக்கு வரணும்'னு கேக்காரு. அவ்வ வரலன்னா இந்த மெசின் சும்மா நிக்கும். அதுல வேலைன்னு பன்னெண்டு பேரை நம்ப வச்சிருக்கேன்."

போனை வைத்த பிறகு ஹம்ஸினி கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது டிக்கில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் செய்தி முழுக்கப் பொய்.

பக்கத்து மேசையில் காக்கிநாடா பக்கத்தைப் பார்க்கிற ஸ்ரீகாந்த் சமோசா தின்றுகொண்டிருந்தான். தெலுங்குக்காரன், அவளோடு பேசுவதற்கென்றே ஒரு தமிழ் வைத்திருந்தான்.

"மீன்பிடித் தடைக்காலம்னு ஒண்ணு இருக்கா ஸ்ரீகாந்த்?"

"ஹவ். காக்கிநாடாவுக்கும் சேம் டேட்தான். ரெண்டு வாரம் முன்னாடியே போட்டேனே."

"என்கிட்ட சொல்லவே இல்லை?"

"நுவ்வு அடகலேது கதா?" என்றான் அவன். நீ கேட்கவில்லையே என்று அர்த்தம். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சமோசாவைக் கீழே வைத்தான்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்திருக்கிறது பதில். அவனிடமும் அவள் கேட்கவில்லை. மூன்று வாரத்து ஆள் இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று நினைத்துவிடுவானோ என்றுதான்.

அவள் கணினியில் அந்தப் படத்தின் வெட்டாத பிரதியைத் திறந்தாள். வலது ஓரத்தில், அவள் வெட்டி எறிந்த இடத்தில், புதுக் கொட்டகைக்கு நட்ட இரும்புத் தூண்கள் வரிசையாக நின்றன. ஒரு சிமென்ட் கலவை இயந்திரம் இருந்தது. துருப்பிடித்த டப்பா ஒன்றைத் தொடைக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தது அந்த ஓரத்தில்தான்.

அனுபமாதான் ஏழு பக்கங்களுக்கும் பொறுப்பு. கோயம்புத்தூர்க்காரி, நாற்பது வயது, பஞ்சாலைச் செய்திகளில் கரை கண்டவள். ஹம்ஸினி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"தடைக்காலம் எனக்கும் தோணல கண்ணு. நானும்தான பாத்து அனுப்புனேன். செரி, விடு. செய்தியைத் தூக்கிரு. தூக்கிட்டா நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?"

"அந்த கொச்சி மேனேஜர் கைல ஸ்கிரீன்ஷாட் இருக்கு மேடம். இப்ப தூக்கினா, ஐஸ் கம்பெனிக்காரர்தான் சொல்லித் தூக்க வச்சிட்டார்னு நினைப்பார்."

"அப்ப கடைசியில ரெண்டு வரி திருத்தம் போடு. எல்லாரும் அப்படித்தான போடறாங்க."

"அதை யாரு மேடம் படிப்பாங்க?"

அனுபமா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வாரமாக 'சரி மேடம்' தவிர எதுவும் சொல்லாத பெண்.

"வேற என்னதான் பண்ணலாங்கற?"

"செய்தி எவ்வளவு பெருசா வந்துச்சோ அவ்வளவு பெருசா, அதே இடத்துல போடணும் மேடம். தடைக்காலத்துல ஐஸ் ஆலைக்குள்ள என்ன நடக்குதுன்னு முழுசா எழுதணும். எனக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"உனக்கு சாயங்காலம் கிளாஸ் இருக்குமே?"

"இன்னிக்கு நக்கோ மேடம்," என்றாள் ஹம்ஸினி. வாய் தவறி வந்துவிட்டது. அனுபமா சிரித்துவிட்டாள்.

இரண்டு தெரு தள்ளி அவளுக்கு மாலை வகுப்பு இருந்தது, டேட்டா அனலிட்டிக்ஸ். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அன்றைக்கு அதை மறந்துவிட்டு இருதயராஜை அழைத்தாள். நோட்டு திறந்திருந்தது. கேள்வி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"சார், நான் ஹம்ஸினி. காலையில எந்த ஊருன்னு கேட்டீங்க. நான் ஹைதராபாத்லேருந்து பேசுறேன். பொறந்தது வளந்தது எல்லாம் இங்கதான். தூத்துக்குடி பார்த்ததில்லை. ஐஸ் ஆலையும் பார்த்ததில்லை."

"ஹைதராபாத்தா?" இருதயராஜ் உரக்கச் சிரித்தார். "அங்க கடலே கிடையாதே தாயி!"

"ஹுசைன் சாகர் இருக்கு சார்."

"அது குளம்லா!"

"ஆமா சார், குளம்தான். அதனால எனக்கு எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லுங்க. முட்டாள்தனமாதான் கேட்பேன். அந்த டப்பா எதுக்கு? ஏன் துரு பிடிக்குது? ஏன் இப்பத்தான் தேய்க்கணும்?"

"ஏளா, வீடியோவுல வா. வாய்ல சொல்லி உனக்கு விளங்காது," என்றார் அவர். எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது, 'ஏளா' வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரம், அமீர்பேட் நான்காவது மாடியில் உட்கார்ந்தபடி ஹம்ஸினி ஐஸ் கம்பெனியைச் சுற்றினாள். முப்பத்தாறு முப்பத்தேழு வயதிருக்கும் இருதயராஜுக்கு. லுங்கியும், பெயின்ட் தெறித்த பனியனும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி. அதில் உப்புக் கரைசல் நிற்கும், அது தண்ணீர் உறையும் அளவுக்கும் கீழே குளிர்ந்தாலும் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய டப்பாக்களை வரிசையாக இறக்கினால் டப்பாவுக்குள் ஐஸ் உறையும். ஒரு டப்பாவுக்கு ஒரு 'பார்', அதாவது ஒரு நீள ஐஸ் கட்டி. பத்து மாதம் இரவும் பகலும் உப்பில் கிடக்கிற டப்பா துரு பிடிக்காமல் என்ன செய்யும்? ஓட்டை விழுந்தால் உப்பு உள்ளே புகுந்து ஐஸ் கெட்டுவிடும்.

"அப்ப மாசத்துக்குக் கொஞ்சமா எடுத்து தேய்க்கக்கூடாதா சார்?"

"எப்படி எடுக்க? லாஞ்சு ஓடுத காலத்துல தொட்டிய நிறுத்துனா அன்னைக்குப் பிடிச்ச மீனு என்னத்துக்கு ஆவும்? இந்த அறுபத்தோரு நாளு மட்டும்தான் எங்க கையில இருக்கு. இதுக்குள்ள தேய்க்கணும், பெயின்ட் அடிக்கணும், கம்ப்ரஸரைப் பிரிச்சுப் போடணும். புதுசா எது வைக்கணும்னாலும் இப்பத்தான். ஜூன் பதினஞ்சுக்கு முந்தியே ஐஸ் கட்டி நிக்கணும். முத லாஞ்சு கிளம்பும்போதே ஐஸ் கேட்டு வந்து நிப்பான்."

"ஆளுங்களை அனுப்பிட்டோம்னு சொன்னீங்களே?"

"ஐஸ் தூக்குத ஆளுவ ஊருக்குப் போயிருக்காவ. வெல்டரு, பெயின்டரு எல்லாம் வந்திருக்காவ பாரு. எண்ணிக்கோ." போனைத் திருப்பினார். தூண்களுக்கு இடையில் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. கம்பி பிரஷ் வைத்திருந்தவர் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். "இதான் கணேஷ்குமாரு. போட்டோவுல நீ வெட்டுன ஆளு."

ஹம்ஸினிக்கு முகம் சுட்டது. "சாரி சார்," என்றாள் திரையில் தெரிந்தவரிடம்.

"இந்தத் தடவையாவது முழுசா போடும்மா," என்றார் கணேஷ்குமார். "எங்க வீட்டுல ஒரு பயலும் நம்ப மாட்டான், நான் போட்டோவுல இருந்தேன்னு."

மற்ற இரண்டு ஆலைகளுக்கும் பேசினாள். ஹைதராபாத் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஓர் ஆலையில் தொட்டிக்கு மேலே மூடும் மரப் பலகைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் கம்ப்ரஸர் பிரித்துக் கிடந்தது. மூன்று இடத்திலும் அவள் கேட்ட 'ஏன்'களை எண்ணியிருந்தால் நோட்டில் இரண்டு பக்கம் வந்திருக்கும்.

ஏழு மணிக்கு எழுதி முடித்து அனுபமாவின் மேசைக்கு வந்தாள். 'ஐஸ் ஆலைகள் மூடப்படவில்லை. நாம்தான் தவறாக எழுதினோம்' என்பது தலைப்பு. முதல் பத்தியிலேயே தவறு என்ன, எப்படி நேர்ந்தது என்று இருந்தது. 'மூன்று ஆலைகளிடமும் உற்பத்தி நின்றதா என்று கேட்டோம். ஏன் நின்றது என்று கேட்கவில்லை. தடைக்காலம் என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. படத்தின் ஒரு பகுதியையும் வெட்டிவிட்டோம். அந்தப் பகுதியில்தான் வேலை நடந்துகொண்டிருந்தது.' பிறகு தொட்டி, டப்பா, துரு, புதுக் கொட்டகை எல்லாம். கீழே வெட்டாத படம். அதற்கும் கீழே ஒரு வரி: 'நேற்றைய செய்தியையும் இதையும் எழுதியவர்: ஹம்ஸினி பழனிசாமி, ஹைதராபாத்.'

அனுபமா இரண்டு முறை படித்தாள். ஒரு பத்தி நீளம் என்று அடித்தாள். கடைசி வரியில் வந்து நின்றாள்.

"நம்ம பக்கத்துல யார் பேரும் போடறதில்லையே கண்ணு. நல்ல செய்திக்கே போடறதில்ல. நீ போயி தப்புக்குப் போடறயா? அதுவும் ஹைதராபாத்னு? 'உங்கள் ஊரிலிருந்து'ன்னு மேல போட்டிருக்கு."

"ஆள் பேர் இல்லாத திருத்தத்தை அந்த மேனேஜர் நம்ப மாட்டார் மேடம். யாரோ எழுதினாங்க, யாரோ மாத்தினாங்கன்னு ஆயிடும். எழுதினவளே வந்து நின்னு சொன்னாதான் கேட்பாங்க."

"மேலிடத்துல கேட்டா உம் பேரைத்தான் சொல்லுவேன்."

"அதுக்குத்தானே மேடம் பேர் போடுறது."

அனுபமா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு அந்த வரிக்குக் கீழே தன் கையாலேயே இன்னொரு வரி தட்டினாள்: 'இரண்டையும் சரிபார்த்து வெளியிட்டவர்: அனுபமா, ஹைதராபாத்.' தட்டிவிட்டு, "போயி பஸ்ஸைப் புடி," என்றாள்.

புதன் காலை போலாரம் வீட்டில் அம்மா செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் படித்தாள்.

"முத முதல்ல பேரு வருது, அது தப்பு பண்ணேன்னு வருது. கைக்குடீ, ஏன்டீ இப்படி?"

"தப்பும் என்னோடதுதானே மா."

அம்மா மறுபடி மேலே போய்ப் படித்தாள். கலங்கரை விளக்கம், தலைப்பு, முதல் பத்தி. கடைசிக்கு முந்தின வரியில் அப்பாவின் பெயரோடு சேர்ந்து நின்ற மகளின் பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஹம்ஸினி குளித்துவிட்டு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் பள்ளிக்கூட டீச்சர்கள் குழு, செகந்திராபாத் சொந்தக்காரர்கள் குழு, சீட்டுக் குழு என்று எல்லாவற்றுக்கும் அனுப்பியாகிவிட்டது. 'என் மகள் எழுதியது. முழுசா படிக்கவும்' என்று குறிப்பு வேறு.

வியாழன் முழுக்க இருதயராஜிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஹம்ஸினி போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள். சரியாகத்தான் எழுதினேனா, இன்னும் கெடுத்துவிட்டேனா என்று நாலு தடவை தன் செய்தியையே படித்தாள். மாலை வகுப்பில் சார் கேட்ட கேள்விக்கு 'உப்புத் தொட்டி' என்று பதில் சொல்லப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ஸ்ரீகாந்த் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். அனுபமாவும் எழுந்து வந்து நின்றாள்.

"தங்கச்சி, இருதயராஜ் பேசுதேன். கொச்சிக்காரங்க வந்துட்டுப் போயிட்டாவ. அந்த மேனேஜர் உன் செய்திய ஆரையோ வச்சு மலையாளத்துல எழுதி வாங்கி, பிரின்ட் போட்டு எடுத்துட்டு வந்திருந்தாரு. ஆபீஸுல உக்காரவே இல்ல. 'அந்தத் தொட்டி எது, டப்பா தேய்க்கது எங்க'ன்னு கேட்டு நேரா உள்ள போயிட்டாரு. கணேஷ்குமாரைப் பாத்து, போட்டோவுல இருக்க ஆளுன்னு கை குடுத்தாரு. அவனுக்கு இன்னைக்கு முழுக்கத் தரையில கால் பாவாது. ஒப்பந்தம் கையெழுத்தாயிட்டு. ஜூன் பதினஞ்சுல இருந்து ஃபிளேக் ஐஸு. நீ ஒருநாள் வா. குளம் பாத்த கண்ணுக்குக் கொஞ்சம் கடலையும் காட்டுதேன்."

ஸ்ரீகாந்த் மேசையைத் தட்டினான். அனுபமா ஹம்ஸினியின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "அந்த 'ஹவ்', 'நக்கோ' எல்லாம் அங்க போயும் பேசு கண்ணு. அவிங்களுக்கும் பொழுது போகும்," என்று சொல்லிப் போனாள். ஹம்ஸினி குரல் செய்தியை இன்னொரு முறை ஓடவிட்டாள். 'கையெழுத்தாயிட்டு' வந்த இடத்தில் நிறுத்தி, திரும்பவும் அதே இடத்தைக் கேட்டாள்.

அன்று சாயங்காலமே பக்கத்தின் உச்சியில் இருந்த வாசகத்தில் 'உங்கள் ஊரிலிருந்து' போய்விட்டது. 'உங்களுக்காக' மட்டும் நின்றது. மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல அனுபமா பதில் தயாராக வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை ஹம்ஸினிக்கு உப்பளத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. புதுப் படகுத்துறை வரப்போகிறதாம், உப்பு ஏற்றுமதிக்கு வழியாம். தூத்துக்குடியில் சம்பந்தம் என்ற உப்பு வியாபாரியின் எண்ணை எடுத்தாள். நோட்டைத் திறந்து முதல் வரியில் 'ஏன்' என்று மட்டும் எழுதி, அடிக்கோடிட்டாள்.

"வணக்கம் சார். நான் ஹைதராபாத்லேருந்து ஹம்ஸினி பேசுறேன். உப்பளத்தைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது..."

"ஹைதராபாத்தா?" என்று குறுக்கிட்டது அந்தப் பக்கத்துக் குரல். "இரு, இரு. இருதயம் கம்பெனிய ஒரே வாரத்துல மூடித் திறந்து வச்ச பிள்ளை நீதானா?"

ஹம்ஸினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஹவ் சார்," என்றாள். "நான்தான்."